முதலாளி போனில் அழித்தார், பழி ஜெசிந்தா மேல்

எனக்குக் கோபம் வரும். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பாதி வயசு போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

காலையில் கடையைத் திறக்கும்போதே ஆலங்குடி பக்கத்து முந்திரி கம்பெனி முதலாளியின் போன்.

"ஏம்மா, ஆபீஸ் மெயிலு ஃபோல்டரு பூரா காணாமப் போச்சு. அந்த ஜெசிந்தா அழிச்சுப்புட்டா. வேற கம்பெனிக்குப் போகப் போறாளாம், அந்தத் திமிரு! நேத்தே வெளிய போன்னு சொல்லிட்டேன். ஒடனே வாங்க."

ஜெசிந்தா அந்த ஆபீசில் கணக்கும் மெயிலும் பார்க்கிறவர். ஆவூர்க்காரப் பெண். வெளிநாட்டு ஆர்டர் மெயில்களை துபாய், ஜப்பான் என்று நாடு நாடாக ஃபோல்டர் போட்டு வைத்திருப்பார். அவரா அழிப்பார்? அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய வாரத்தைச் சொல்லியாக வேண்டும். மெயில் பாக்ஸ் நிரம்பி, வருகிற மெயிலெல்லாம் திரும்பிப் போகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இருந்தது பாப் அக்கவுண்ட். பாப் என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டர் தனக்கு ஒரு காப்பி, முதலாளி போன் தனக்கு ஒரு காப்பி என்று இறக்கிக்கொள்ளும். போனில் அழித்தால் போனில் மட்டும்தான் போகும். நான் ஸ்டோரேஜைக் கூட்டி வாங்க வைத்து, அக்கவுண்டை ஐமேப்புக்கு மாற்றி, ஜெசிந்தாவின் ஃபோல்டர்களையும் மெயில் கம்பெனியின் சர்வரில் ஏற்றினேன். ஐமேப்பில் மெயிலும் ஃபோல்டரும் சர்வரில் ஒரே இடத்தில் இருக்கும். எல்லாரும் அதையேதான் பார்ப்பார்கள். ஒருத்தர் அழித்தால் எல்லாருக்கும் போய்விடும்.

"சார், இனிமே போன்ல எதையும் அழிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் யாரிடமோ போன் பேசிக்கொண்டே "ம்… ம்…" என்று தலையாட்டினார்.

ஆபீசில் நுழைந்ததும், அழித்த மெயில் போய் விழும் ட்ராஷைத் திறந்தேன். ஜெசிந்தாவின் ஃபோல்டர் அத்தனையும் அதற்குள் கிடந்தது.

"சார், ஒங்க போன்ல புதுசா ஃபோல்டரு எதுவும் வந்துச்சா?"

"ஆமா, துபாய், ஜப்பான்னு என்னென்னமோ வந்து கெடந்துச்சு. கல்யாண வீடியோ பாக்கக்கூடப் போன்ல எடமில்லையேன்னு எல்லாத்தையும் தட்டி விட்டேன். என் போன்ல அழிச்சா அதுக்கென்ன இப்ப?"

தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாண வீடியோ பார்க்கப் போனில் இடம் வேண்டுமாம், அதற்கு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்! ஒரு வெற்று மெயில் அனுப்பி, அதை அவர் போனிலேயே அழிக்கச் சொன்னேன். அழித்தார். ஆபீஸ் மானிட்டரிலும் அது மறைந்தது. மனிதர் முகம் தொங்கிப்போய்விட்டது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"மாத்துனா வெளக்கமாச் சொல்ல வேணாமா? சரி விடுங்க. ஜப்பான் கன்டெய்னரு துறைமுகத்துல நிக்கிது. அந்த மெயில மொதல்ல எடுங்க."

மவுசிலிருந்து கையை எடுத்தேன்.

"ஜெசிந்தாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

"அது எதுக்கும்மா இப்ப?"

"போடுங்க சார். இல்லாட்டி நான் கெளம்புறேன்."

போட்டார். "ஜெசிந்தா… அந்த மெயிலு கெடைச்சிருச்சு. நாளைக்கி வேலைக்கு வந்துரும்மா."

"யார் சார் அழிச்சது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முறைத்தேன்.

"என் கைதாம்மா பட்டுருச்சு."

ஜெசிந்தா விடவில்லை.

"நேத்து முந்திரி ஒடைக்கிற அக்காமாரு அத்தன பேரு முன்னாடியும் என்னயத் துரோகின்னு கத்துனீங்க. இத மட்டும் ஏன் சார் போன்ல சொல்றீங்க?"

நான் மவுசைத் தொடவில்லை; கன்டெய்னர் காத்திருந்தது. அவருக்கு வேறு வழியில்லை. அன்று மத்தியானமே ஜெசிந்தாவை வரவழைத்து, முந்திரி உடைக்கிற ஷெட்டில் எல்லார் முன்னாலும், அழித்தது தான்தான் என்று தன் வாயால் சொன்னார். ஜெசிந்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதன்பிறகே நான் ஃபோல்டர்களை மீட்டேன்.

அக்கவுண்டை மாற்றினால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு மெயிலை அவர்கள் கையாலேயே அழிக்க வைத்து, மற்ற மெஷினில் அது போவதைக் கண்ணால் பார்க்க வைத்துவிட்டு வாருங்கள். இன்னொன்று. இந்தப் பக்கத்து ஆபீஸ்களில் முதலாளி, மச்சான், மருமகன் எல்லாருக்கும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்டு; அதையும் மானிட்டரில் ஒட்டி வைத்திருப்பார்கள். ஆளுக்கொரு ஐடி வாங்காத ஆபீசில் நான் இப்போது மவுசைத் தொடுவதே இல்லை. ஒரு பெட்டியைப் பத்துப் பேர் திறந்தால், தொலைந்ததற்குத் திட்டு வாங்குவது அந்தப் பத்துப் பேரில் சம்பளத்துக்கு இருக்கிற ஒருத்தர்தான்.