மலையேத்துற பாட்டு

அன்னிக்கு உப்பளத்துக் கொட்டகையில இருந்தவங்க.

நான்.

என் சம்சாரம். தாடையில போட்ட தையலைப் பிரிச்சு ஒரு வாரம் ஆகியிருந்தது.

கோட்டக்குப்பத்து பாய். உப்பு லாரி விடுறவர். முன்னே துபாய்ல இருந்தவர்.

அனுமந்தைத் தம்பி. அனுமந்தை அவன் ஊர். அந்த லாரியில மூட்டை ஏத்துறவன்.

மேஸ்திரி. எங்க பாத்திகளுக்கு அவர்தான் பொறுப்பு.

கடைசியா வந்தவர் பாட்டுக்காரர்.

ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறப்போ பம்பை அடிச்சுப் பாடுறவர் அவர். அம்மனைத் தலையிலருந்து கால்வரைக்கும் வர்ணிச்சு வர்ணிச்சுக் கூப்பிடுவார். கூப்பிட்டா சாமி வரும். என் சம்சாரம் மேல வரும். கல்யாணம் ஆன வருசத்துலருந்து வருது. வந்த சாமியை அனுப்புறதுக்கு வேற பாட்டு. அதைப் பாடிக் கற்பூரம் ஏத்தினா சாமி மலையேறிடும். அவள் கண்ணைத் திறந்து தண்ணி கேட்பாள். கூப்பிட்டவர்தான் அனுப்பணும். வழக்கம் அது.

மத்த அஞ்சு பேருக்கும் அவர் பாட்டுன்னா உசுரு. மத்தியானம் சோறு திங்கிறப்போ பாய் போன்ல அவர் பாட்டுதான் ஓடும். கோயில்ல பாய் நின்னு போன்ல புடிச்சது, கூப்பிடுற பாட்டும் அனுப்புற பாட்டும் இல்லாத கதைப் பாட்டு. "துபாய் ரூம்ல இதைத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன். கூட இருந்த பாகிஸ்தான்காரன், யார் செத்துட்டாங்கன்னு கேப்பான்"னு சொல்லுவார். மேஸ்திரி சர்ச்சுக்குப் போறவர். அவரும் சோத்துத் தட்டை ஓரமா வெச்சிட்டுக் கேட்பார்.

போன தை மாசம் சென்னையில ஒரு கம்பெனி பாட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பாட வெச்சது. கூப்பிடுற பாட்டு மட்டும். பின்னால கிட்டாரு, டிரம்மு. வைகாசிக்குள்ள அது எல்லா இடத்துலயும் பாடிச்சு. டீக்கடையில, ஈசிஆர்ல போற கார்ல, கல்யாண மண்டபத்துல. எங்களுக்கும் சந்தோசம்தான். நம்ம ஆளுன்னு சொல்லிக்கிட்டோம்.

ஒரு நாள் உப்பு ஏத்த வந்த வேற லாரி டிரைவர் அதைச் சத்தமா வெச்சார். என் சம்சாரம் தலையில கூடையோட வரப்பு மேல வந்துக்கிட்டு இருந்தாள். கூடையோட பாத்தியில விழுந்தாள். கண்ணெல்லாம் உப்புத் தண்ணி. சாமி வந்துடுச்சு. அனுப்ப ஆள் இல்ல. பாட்டு நின்னு போச்சு, அவள் நிக்கல. நாலு பொம்பளைங்க புடிச்சும் முடியல. ஆடி ஆடித் தானா அசந்து விழுந்தாள். சாயந்தரம் வரைக்கும் பேச்சு இல்ல.

ரெண்டாவது தடவை திண்டிவனம் பஸ்ல. படிக்கட்டுல விழுந்து தாடை கிழிஞ்சது.

மேஸ்திரி என்னைத் தனியாக் கூப்பிட்டார். "இதுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் அது கூடை தூக்க வேணாம்பா. ஒண்ணு ஆச்சுன்னா ஓனரு என்னைக் கேப்பாரு"ன்னார். கூடை தூக்காதவளுக்குக் கூலி இல்ல. ஆனா என் பயம் கூலிக்காக இல்ல. அடுத்த மாசம் ஆடி. ஊருக்கு ஊர் ஸ்பீக்கர் கட்டுவாங்க. அதைத்தான் போடுவாங்க. ரோட்டைத் தாண்டுறப்போ வந்தா?

பாய்தான் பாட்டுக்காரர்கிட்ட பேசி வரவழைச்சார்.

வெள்ளைக் காரை ரோட்டோரம் விட்டுட்டு, செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வரப்பு மேல நடந்து வந்தார். அனல் காத்து. அனுமந்தைத் தம்பி எழுந்திருக்கல.

"வாங்க ஸ்டாரு. காரை அங்கயே உட்டீங்களா? உப்புக் காத்து துரு புடிச்சிடப் போவுது."

"டியூ முடியறதுக்குள்ள புடிக்காம இருந்தா போதும்பா" என்றார் பாட்டுக்காரர்.

யாரும் சிரிக்கல. அவர் என் சம்சாரத்தோட தாடையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

தம்பி விடல. "அம்மாவைக் கூப்புடுற வாயி. அதை எடுத்துட்டுப் போயி கிட்டாருக்கு நடுவுல வெச்சிட்டீங்களே. இந்த ஆடிக்கு எங்க ஊர்ல பம்பை செட்டே வேணாம்ன்றானுங்க. பென்டிரைவ் போதுமாம். உங்க கூட அடிச்சவங்க இன்னா பண்ணுவாங்க?"

"ஏம்பா, அவரும் சோறு துன்னணும் இல்ல?" பாய் குறுக்க வந்தார். "நீ மூட்டைக்குக் கூலி வாங்குற. நான் லாரிக்கு வாடகை வாங்குறேன். அவரு மட்டும் சும்மா பாடணுமா?"

"பாய், மூட்டையைப் பார்த்து யாரும் கையெடுத்துக் கும்புடறது இல்ல."

"கும்புட்டாங்க, சரி. தட்டுல எவ்ளோ போட்டாங்க?"

பாட்டுக்காரர் தம்பி பக்கம் திரும்பினார். "ஆடி முடிஞ்சா மீதி மாசம் நான் இன்னா செஞ்சேன்னு உனக்குத் தெரியுமா? செவுத்துக்குப் பெயின்ட் அடிச்சேன். உங்க ஊரு ஸ்கூலுக்கு நான்தான் அடிச்சேன். நீ அந்தப் பக்கம்தான் போன. பாட்டுக்காரர் நிக்கிறாருன்னு நீ திரும்பிப் பாக்கலயே."

தம்பி காதைச் சொறிஞ்சான்.

எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். கேட்டேன்.

"அனுப்புற பாட்டை ஏன் விட்டீங்க?"

"கம்பெனிக்காரன் வெட்டியிருப்பான். வேற இன்னா?" என்றான் தம்பி.

"அவன் வெட்டலப்பா." பாட்டுக்காரர் குரல் இறங்கிடுச்சு. "அவன் கேட்டான். ரெண்டு பாட்டா போடலாம், ரெண்டுத்துக்கும் காசு தர்றேன்னான். நான்தான் பாட மாட்டேன்னேன். அங்க ஏசி ரூமு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பசங்க. யாரு மேலயும் எதுவும் வரலை. வராத சாமியை எப்புடி அனுப்புறது? அது பொய் இல்லையா? அதை மட்டும் விக்கக் கூடாதுன்னு நெனச்சேன். கூப்புட்டது சும்மா பாட்டாத்தான் இருக்கும், கோயிலும் இல்ல, பம்பையும் இல்ல, யாருக்கும் வராதுன்னு நெனச்சேன்."

என் சம்சாரம் முந்தானையால தாடையைத் துடைச்சாள். அங்க ஒண்ணும் இல்ல.

"சரி, ஆனது ஆச்சு" என்றார் பாய். "இப்பப் பாடு. போன்ல புடிச்சுக்கிறேன். எங்க வந்தாலும் போட்டு அனுப்பிடலாம்."

பாட்டுக்காரர் தலையை ஆட்டினார். "சாமி இல்லாம பாட மாட்டேன் பாய். அன்னிக்கும் இதைத்தான் சொன்னேன். இன்னிக்கும் இதான்."

பாய் தம்பியைப் பார்த்தார். தம்பி மெதுவா, "அதுல தப்பு இல்ல. அவரு சொல்றது சரிதான்" என்றான். இவ்வளவு நேரம் அவரைக் கிழிச்சவன்.

"யா அல்லா. ரெண்டு பேரும் கூட்டு சேந்துக்கினு அந்தப் பொண்ணு மண்டையை ஒடைக்கப் பாக்குறீங்களா?"

மேஸ்திரி அப்பதான் வாயைத் திறந்தார். "எனக்கு இதுல அபிப்பிராயம் இல்ல. சாமி இருந்தாதான் பாடுவாருன்னா, வரவெச்சிட்டுப் பாடட்டும்" என்றார்.

"பம்பை எடுத்துட்டு வரலை" என்றார் பாட்டுக்காரர்.

"பம்பை எதுக்கு? கிட்டாருக்கே வருதாமே" என்றான் தம்பி. சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. "நான் ஒண்ணு கேக்குறேன், அண்ணி கோச்சுக்கக் கூடாது. பம்பைக்கு வந்தா சாமி. கிட்டாருக்கு வந்தா அது இன்னாது?"

எனக்குக் கை துடிச்சது. எழுந்திருக்கல. அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. ராத்திரி அவள் தாடைக்கு மருந்து போடுறப்போ இருந்தது.

அவள் தம்பியைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு மட்டும் தெரியுமாப்பா? கால் இழுக்குறது தெரியும். அப்புறம் விழுந்து கெடக்குறது தெரியும். நடுவுல நடக்குறது உனக்குத்தான் தெரியும், நீ பாத்தவன்." பாய் பக்கம் திரும்பினாள். "பாட்டைப் போடு பாய் அண்ணே."

"வேணாம்" என்றேன்.

"நான் கூடை தூக்கணுமா, வேணாமா? ரோட்டுல நடக்கணுமா, வேணாமா?"

உப்பு வாருற பலகை, மம்பட்டி எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டேன். காலிச் சாக்கை எல்லாம் தரையில விரிச்சேன். பாட்டுக்காரர் வாட்சைக் கழட்டினார். கேன்ல இருந்த குடிதண்ணியை ஊத்திக் காலைக் கழுவினார். குடிதண்ணிக்குக் கணக்குப் பார்க்குற மேஸ்திரி அன்னிக்கு விட்டுட்டார். பாட்டுக்காரர் சட்டைப் பையிலருந்து கற்பூரம் எடுத்தார். கார் வந்தும் கற்பூரத்தை விடலைன்னு நெனச்சுக்கிட்டேன்.

பாய் பாட்டைப் போட்டார்.

முதல்ல கிட்டாரு. அப்புறம் அவர் குரல். குரலோட சொந்தக்காரர் எதிர்ல நிக்கிறார். அவரும் கேட்டுக்கிட்டு நிக்கிறார். என் சம்சாரம் சாக்கு மேல உக்காந்திருந்தாள். ஒண்ணும் இல்ல. அம்மனோட நெத்தியைச் சொன்னார், கண்ணைச் சொன்னார். ஒண்ணும் இல்ல. தம்பி அவளையே பார்த்துக்கிட்டு இருந்தான். வரக் கூடாதுன்னு நெனச்சேன். வரலைன்னா இவன் வெளிய போய் இன்னா பேசுவான்னும் நெனச்சேன்.

இடுப்பு ஒட்டியாணத்தைச் சொல்றப்போ அவள் கால் கட்டைவிரல் மடங்கிச்சு. மத்தவங்க பார்க்கல. எனக்குத் தெரியும். பின்னால போய் நின்னேன்.

எழுந்தாள். நான் புடிச்சது நிக்கல. நேரா பாட்டுக்காரர் முன்னால போனாள். அவள் குரல் இல்ல அது.

"பாதி வழி கூட்டியாந்து உட்டுட்டு எங்கடா போன?"

அவர் அப்படியே மண்டி போட்டுட்டார்.

அந்த நேரம் போன்ல பாட்டு முடிஞ்சு விளம்பரம் வந்தது. பனியன் விளம்பரம். பாய் எதை எதையோ தட்டினார், நிக்கல. மேஸ்திரி புடுங்கி அமுக்கினார். பதிவு பண்ண ஆள் இல்லாம போச்சேன்னு பார்த்தேன். தம்பி தன் போனை எடுத்துத் தூக்கிப் புடிச்சிருந்தான். அவன் கண்ணுல தண்ணி.

பாட்டுக்காரர் காலி கேனைக் கவுத்துப் போட்டு, கொட்டகை ஓரத்துச் சவுக்குக் குச்சியை ஒடிச்சு அடிச்சார். பாடினார். கம்பெனிப் பாட்டுல இருந்த குரல் இல்ல. கரகரன்னு இருந்தது. நடுவுல ஒரு எடம் உடைஞ்சது. வந்த வழியை அம்மனுக்கு ஒவ்வொண்ணாச் சொன்னார். ஏரியைச் சொன்னார், எல்லையைச் சொன்னார், மலையைச் சொன்னார். உள்ளங்கையில கற்பூரம் ஏத்திக் காட்டினார். கை சுட்டும் இழுக்கல.

அவள் உக்காந்தாள். கண்ணைத் திறந்தாள்.

"தண்ணி."

கேன்ல தண்ணி இல்ல. பாய் லாரிக்கு ஓடிப் போய் பாட்டில் எடுத்து வந்தார்.

அவள் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த சண்டை. "இதை நெட்ல போட்டா பிச்சிக்கும்பா. அந்தப் பாட்டைவிட இது எங்கயோ போயிடும்" என்றார் பாய்.

"போட்டுப் பாருங்க. உங்க போனு பாத்திக்குள்ள கெடக்கும்" என்றான் தம்பி.

பாட்டுக்காரர் கையில உப்புத் தண்ணியை ஊத்திக்கிட்டு இருந்தார். "நெட்ல வேணாம். அக்ரிமென்ட் இருக்குது, கேஸ் போடுவான். அது கெடக்கட்டும். இது இவங்களுக்குப் பாடினது. இவங்க போற வர எடத்துல இருக்குறவங்க மட்டும் வெச்சுக்கட்டும்."

"ஆடிக்கு எங்க ஊருக்கு வருவீங்களா?" தம்பி கேட்டான்.

"இந்த ஆடிக்கு டேட் இல்லப்பா. சிங்கப்பூர்."

தம்பி தலையை ஆட்டிட்டு மூட்டை ஏத்தப் போயிட்டான். இன்னிக்கு வரைக்கும் அவனுக்கு அவர் மேல கோவம் போகல. பாய் அவரைப் பத்திப் பேச்செடுத்தா இன்னும் சண்டைதான். ஆனா அவன் போன்ல இன்னும் அந்தப் பாட்டு இருக்குது.

வாட்ஸாப்ல அனுப்பினா ஊர் சுத்திடும். அதனால ப்ளூடூத்துலதான் கொடுக்குறேன். ஆளைப் பார்த்து, பக்கத்துல நின்னு. கூடவே ஒரு கற்பூரப் பொட்டலம். கூட கூடை தூக்குற பொம்பளைங்களுக்குக் கொடுத்தேன். டீக்கடை, மெடிக்கல், திண்டிவனம் பஸ் கண்டக்டருங்க.

ஆடி முதல் வாரம் டீக்கடைக்கு எதிர்ல ஸ்பீக்கர்ல போட்டாங்க. அவளுக்கு வந்தது. டீ மாஸ்டர் ஓடி வந்து கவுத்த டம்ளர்ல கற்பூரத்தை ஏத்தி, போனைக் காதுகிட்ட வெச்சார். அந்த உடைஞ்ச குரல் பாடி முடிச்சப்போ தண்ணி கேட்டாள். பாட்டுதான் அனுப்பிச்சுதா, தானாத் தெளிஞ்சாளா, எனக்குத் தெரியாது. விழல. மேஸ்திரி மறுநாள் கூடையைக் கொடுத்துட்டார்.

நேத்து திண்டிவனம் பஸ்ஸுக்குப் புதுக் கண்டக்டர். சின்ன வயசு. விசயத்தைச் சொன்னதும் சிரிச்சார். அப்புறம் அவள் தாடையைப் பார்த்தார். போனை நீட்டினார். ஏத்திக் கொடுத்தேன்.

அவரோட சேர்த்து இருபத்து மூணு பேர்.