தேக்குக் கூப்பில் மண் குத்திய கதை

ஆம்பூரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் ஷூ கம்பெனிகளில் தோலின் தடிமனை அளந்துகொண்டிருந்தபோது, நான் ஆலங்காயத்துக்கு மேலே மலையில் மண்ணின் கெட்டித்தனத்தை அளந்துகொண்டிருந்தேன். அவர்களுக்கு மின்விசிறி, கேன்டீன் டீ, தீபாவளிக்குப் போனஸ். எனக்கு ஓர் இரும்புக் கம்பி.

கம்பியின் ஒரு முனையில் கூம்பு. மறுமுனையில் குறுக்காக ஒரு கைப்பிடி, அதையொட்டி கடிகாரம் போல ஒரு முள். கைப்பிடியைப் பிடித்து ஒரே சீராக மண்ணுக்குள் அழுத்த வேண்டும். மண் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு தூரம் முள் நகரும். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். இதுதான் மொத்த விஞ்ஞானமும். “மண்ணக் குத்துறதுக்கா எம்.எஸ்சி. படிச்ச?” என்று அம்மா கேட்டாள்.

மலைச்சரிவில் மரத்துக்காகவே வளர்த்த தேக்குக் காடு அது. ஒரு பகுதியை மொத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அப்படி வெட்டிய பகுதியைக் கூப்பு என்பார்கள். டிராக்டர் கட்டைகளை இழுத்து இழுத்துச் சரிவெல்லாம் தடம் போட்டிருந்தது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் மலைக் கிராமத்துப் பெண்கள் எட்டுப் பேர் குழி வெட்டிக் கன்று நட்டார்கள். மற்ற இடத்தில் கன்று பிழைத்தது. டிராக்டர் தடத்தில் வரிசை வரிசையாகச் செத்தது.

வேலையைக் கவனித்த மேற்பார்வையாளர் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார். “இவங்க ஒழுங்கா நடல. பேசிக்கினே குழி வெட்டியிருப்பாங்க.” மண் கெட்டிப்பட்டிருந்தால் அது டிராக்டரின் குற்றம். மண் நன்றாக இருந்தால் குற்றம் அந்த எட்டுப் பேருடையது, அடுத்த நடவுக்குத் திருப்பத்தூர் பக்கமிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். எது என்று சொல்லத்தான் என்னைக் கம்பியோடு மலையேற்றினார்கள். மழைக்காலத்தில் அந்தப் பெண்களுக்கு வேறு வேலை கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் நாள் தடத்தின் நெடுகிலும் குத்த வேண்டிய இடங்களில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். சோதனைக்காக ஓரிடத்தில் கம்பியை அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். வழிகாட்ட வந்த நடவுக்குழுத் தலைவி என் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். என் அக்கா வயதுதான் இருக்கும். “இன்னா சார், இதுக்கே இப்டின்னா நாளைக்கு இன்னா பண்ணுவீங்க?” என்றார். நானும் வெட்கமில்லாமல், “செத்தேன்க்கா” என்று புலம்பினேன்.

மறுநாள் அதிசயம் நடந்தது. கம்பியை வைத்தேன், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவது போல இறங்கியது. முள் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. அடுத்த குச்சி, அதற்கடுத்த குச்சி, எல்லாம் அப்படியே. குச்சிகளைச் சுற்றி மட்டும் காய்ந்த சருகு அழகாகப் பரப்பியிருந்தது. அதைப் பார்த்தேன். படித்த முட்டாளுக்கு அது காற்றின் வேலையாகத் தெரிந்தது. நேற்று குத்திய இடத்தில் அடியில் கல் இருந்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். கை வலிக்காத சந்தோஷத்தில் மத்தியானத்துக்குள் வேலையை முடித்து, மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன்: மண் இளக்கமாகவே உள்ளது. கட்டைவிரல் ஒன்றையும் கும்பிடு ஒன்றையும் அவர் திருப்பி அனுப்பினார்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது தலைவி டீக்கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “கை நோவலியே சார்? விடியறதுக்கு முன்னாடி எட்டுப் பேரும் போய்ட்டோம். நீங்க குச்சி நட்ட எடத்துல எல்லாம் கடப்பாறை போட்டு நல்லா இளக்கி, மேல சருகு போட்டு வெச்சோம். எங்க மலைக்கு வேலையா வந்தவர் கஷ்டப்படலாமா?”

அவர்களுடைய கெட்ட பெயரைத் துடைக்கிற ஒரே சாட்சியைத் தங்கள் கையாலேயே கொத்திப் போட்டிருக்கிறார்கள், அதுவும் எனக்காக. நான் அதை அளந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டேன்.

மேற்பார்வையாளரைப் போனில் பிடித்தேன். அவர் பதறவேயில்லை. “அப்போ ஈசி சார். கூலிக்காரங்க எடத்தக் கலைச்சிட்டாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க மேல தப்பு வராது.”

எழுதினால் அதில் பொய் ஒன்றுமில்லை, அந்த எட்டுப் பேரின் வேலை மட்டும் போய்விடும். அந்த டீ ஆறும் வரை நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். ஒப்பந்த வேலை, தங்கைக்கு வரன் பார்க்கிற நேரம், நமக்கெதற்கு வம்பு. எதிரே தலைவி எனக்கு வாழைப்பழம் வாங்கிக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. பேருந்தை விட்டேன்.

மறுநாள் எட்டுப் பேரையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குச்சியிலிருந்தும் தடத்தின் மேலேயே நாலடி தள்ளி, கடப்பாறை படாத இடத்தில் குத்தினேன். கூம்பு மண்ணின் தோலைக் கீறிய அளவோடு நின்றது. முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். தலைவி பக்கத்தில் வந்து அவரும் தொங்கினார். இரண்டு பேரும் கம்பியைக் கட்டிக்கொண்டு எம்பி எம்பிக் குதித்ததைப் பார்த்து மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முள் மட்டும் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது.

அவர் கைப்பிடியை விட்டார். “இதுலயா சார் எங்கள நடச் சொன்னாங்க?” குழிக்கு வெளியே வேர் போக வழியில்லை, விழுந்த மழையும் குழிக்குள்ளேயே நின்று வேர் அழுகியிருக்கும் என்று சொன்னேன். முதல் அளவை நான் அனுப்பிவிட்டதையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். “உங்களுக்கு நல்லது பண்ணப் போய் எங்க பொழப்பையே கெடுத்துக்க இருந்தோமா?” அந்தக் கேள்வியின் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

புதிய அளவுகளோடு தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். முதல் அளவு தவறு, இளக்கிய மண் என்று பார்த்தாலே தெரியும், கை வலிக்குப் பயந்து நான் பார்க்கவில்லை, தவறு என்னுடையது மட்டுமே. கடப்பாறையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, “தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குற ஆளை இப்பதான் பாக்குறேன்” என்றார். டிராக்டர் தடத்தை ஆழமாக உழுதபிறகுதான் நடவு என்று மேலேயிருந்து உத்தரவு வந்ததும், அவரே உழவுக்கு டிராக்டர் தேடி அலைந்தார்.

ஆடி மாதம் தலைவி போன் செய்தார். பின்னால் மழைச் சத்தம்.

“எங்களையேதான் கூப்ட்டிருக்காங்க சார். எட்டுப் பேரையும். நாளைக்கு நடவு.” குரலைத் தழைத்துக்கொண்டார். “உங்க லெட்டர ஆபீஸ்ல ஒருத்தர் படிச்சுக் காட்டினாரு. எங்களப் பத்தி ஒண்ணுமே எழுதலியே. சரியான பைத்தியம் சார் நீங்க.”

“ஆமாக்கா” என்றேன்.

“கன்னு புடிச்சப்புறம் நீங்கதானே அளக்க வருவீங்க?”

என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாக இல்லை என்று அந்த வாரம்தான் எழுதியிருந்தார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.