ஏடனில் நின்ற கப்பல்

தூத்துக்குடியில் நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணி வரை வெளியே போக அனுமதி உண்டு. நிபந்தனை ஒன்றுதான். நான்கு பேராகப் போக வேண்டும், நான்கு பேராகத் திரும்ப வேண்டும். வார்டன் சிஸ்டர் கேட்டில் நின்று எண்ணி அனுப்புவார், எண்ணி உள்ளே விடுவார். இடையில் அந்த நான்கு பேரும் என்ன ஆகிறார்கள் என்பது பற்றி விதி எதுவும் இல்லை. அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த பெருமை தருவைகுளத்துக்காரிக்குத்தான் சேரும்.

ஹாஸ்டலில் பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான். மற்றபடி யாருக்கும் ஊர்தான் பெயர். தருவைகுளத்துக்காரி, பெரியதாழைக்காரி, ஏரல்காரி, மணப்பாட்டுக்காரியான நான், ஆக நான்கு பேர். மாதா கோயில் வாசல்வரை கைகோத்துக்கொண்டு ஒழுக்கமாக நடப்போம். அங்கே பிரிந்துவிடுவோம். தருவைகுளத்துக்காரி பெரிய ஜவுளிக்கடைக்குப் போய், வாட்ச்மேன் முறைக்கிறவரை நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவாள். ஏரல்காரி ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்து ரயில் பார்ப்பாள். அவள் ஊரில் வயலும் ஆறும் உண்டு, ரயில் கிடையாது. பெரியதாழைக்காரிக்குத் தூத்துக்குடியிலேயே கட்டிக்கொடுத்த அக்கா இருந்தாள், அக்காவிடம் டி.வி. இருந்தது. ஐந்தேகாலுக்கு மறுபடியும் கோயில் படியில் கூடி, ஒன்றும் அறியாத முகத்தோடு திரும்புவோம்.

எனக்கு வரைபடப் பைத்தியம். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தூத்துக்குடியை வாரம் ஒரு தெருவாக வரைந்துகொண்டிருந்தேன். மணப்பாட்டில் நாலு தெருவைப் பார்த்து வளர்ந்தவளுக்குத் தூத்துக்குடி முடியவே முடியாத பட்டணம். பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அப்பா. அவர் கப்பல்காரர், எஞ்சின் அறையில் வேலை. அவர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று செய்தி வரும்போதெல்லாம் என் பள்ளிக்கூட அட்லாஸில் பென்சிலால் கோட்டை நீட்டிக்கொண்டே போவேன். அந்தக் கோடு நீள்வதை நானே கப்பல் ஓட்டுவதாக நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் ஜூலையில் அப்பா பம்பாய்க்குக் கிளம்பினார். அங்கே கப்பலேறி மொம்பாசா போவதாக ஏற்பாடு. வழக்கம்போலத் தெருவே பஸ் நிறுத்தத்துக்கு வந்து வழியனுப்பியது. வழக்கம்போல அம்மா ஒரு பாட்டில் மாசிச் சம்பல் கொடுத்துவிட்டாள். காய்ந்து கல்லாகிப்போன சூரை மீனை இடித்து, வற்றலும் தேங்காயும் சேர்த்து வறுத்து எடுப்பது. அப்பா கப்பலுக்குப் போகும்போது மட்டும்தான் எங்கள் வீட்டில் அது செய்யப்படும். எனக்கு அந்த வாடையே ஆகாது. செய்கிற அன்று குசினிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டை வரையப் போனேன். திருச்செந்தூர் வழியாக எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே, சிமெண்டு பெஞ்சில், அப்பா உட்கார்ந்திருந்தார். அட்லாஸ்படி அவர் மொம்பாசாவுக்கு இரண்டு விரல் தூரத்தில் இருக்க வேண்டும். என் முதல் கவலை, கோட்டை எங்கே தப்பாக இழுத்தேன் என்பதுதான்.

அவரும் என்னைப் பார்த்துவிட்டார். திடுக்கிட்டு எழுந்தவர், என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தார்.

"நாலு பேராத்தான போவணும்? மத்த பிள்ளைய எங்கன?"

மாட்டிக்கொண்டது நான்தான் என்று நினைத்தேன். அவர் எப்படி இங்கே என்று கேட்க எனக்குத் துணிச்சல் வருவதற்குள் அவராகவே சொன்னார்.

"கப்பல்ல ஒரு ரிப்பேரு, மக்கா. சரியானதும் போயிருவேன். அம்மாட்ட சொல்லிராத. நீ தனியா சுத்துதத நானும் சொல்லல."

எனக்கு இது மிக நியாயமான ஒப்பந்தமாகப் பட்டது. ரிப்பேர் அவர் கப்பலில் இல்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பம்பாயில் கப்பலேறுமுன் செய்கிற மெடிக்கல் பரிசோதனையில் அவருடைய இதயத்தில் கோளாறு என்று சொல்லி, இனிக் கப்பலுக்கு ஆகாது என்று எழுதிவிட்டார்கள். தூத்துக்குடிவரை திரும்பி வந்தவருக்கு, அங்கிருந்து மணப்பாட்டு பஸ்ஸில் ஏற மட்டும் கால் வரவில்லை. ஊரே கையசைத்து அனுப்பியவர், ஒரு மாதத்துக்குள் பெட்டியோடு எப்படிப் போய் இறங்குவார்? பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கிவிட்டார்.

அதன்பின் என் சனிக்கிழமைகள் அப்பாவோடு கழிந்தன. என் வரைபடம் மளமளவென்று நிறைந்தது. எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், பீச் ரோட்டில் எந்த பெஞ்சுக்கு மூன்று மணிக்கு நிழல் வரும், எந்த பெஞ்சுக்கு நாலு மணிக்கு வரும், எந்த நூலகத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வருடம் முழுக்கக் கடலில் இருக்கிற மனிதருக்கு ஊரின் நிழல்கள் எப்படித் தெரிந்தன என்று நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். சுற்றிவிட்டுக் கடைசியில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுக்கே வருவோம். திருச்செந்தூர் பஸ்கள் ஒவ்வொன்றாகப் புறப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு பஸ் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த பெஞ்சில்தான் கப்பல் ஓட்டும் வேலை நடந்தது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு செய்தி போக வேண்டும், அதற்குக் கப்பல் எங்கேயாவது இருக்க வேண்டும். அப்பாவுக்கு அதில் உற்சாகமே இல்லை. நான்தான் அட்லாஸை விரித்து, இந்த வாரம் மொம்பாசா, அடுத்தது தார் எஸ் சலாம், பிறகு ஏடன், கொழும்பு, கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி என்று வகுத்துக் கொடுத்தேன். என் கணக்குப்படி அவர் வந்து சேர வேண்டிய ஊரில்தான் உட்கார்ந்திருந்தார் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

செப்டம்பரில் சிலுவைத் திருவிழா. எந்தக் கடலில் இருந்தாலும் மணப்பாட்டு ஆண்கள் அதற்கு ஊருக்கு வரப் பார்ப்பார்கள். வர முடியாதவர்கள் ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்புவார்கள். எழுத்தில் அனுப்பினால் நன்றாயிருக்காது, குரலில் பேசுங்கள் என்று யோசனை சொன்னது நான்தான். அப்பா போனை வாயருகே கொண்டுபோய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு பேசினார்.

"ஏளா, திருவிழாவுக்கு வர முடியல. கப்பல் நாளைக்கிதான் இங்கனருந்து எடுக்கான். எனக்கும் சேத்து ஒரு மெழுகுதிரி பொருத்திரு."

என் இருமல் அதில் பதிந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எதிரே நின்ற பஸ்ஸின் கண்டக்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு நான் ஊருக்குப் போனேன். அம்மா அத்தைக்கு ஒரு முறை அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாள். பிறகு போனோடு குசினிக்குள் போனாள். உள்ளே அப்பாவின் குரல் மறுபடியும் கேட்டது, மறுபடியும் கேட்டது. பாவம், அப்பாவை ரொம்பத் தேடுகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிடலாமா என்றுகூட நாக்கு துறுதுறுத்தது. ஒப்பந்தத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். அன்று மாலை கோயிலில் அம்மா இரண்டு மெழுகுதிரி பொருத்தினாள்.

அக்டோபரில் பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறு. அம்மா முறுக்கோடு ஒரு பாட்டிலும் கொண்டுவந்தாள். மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியும் அந்த வாடை வெளியே வந்தது. மாசிச் சம்பல். சிஸ்டர் மூக்கைச் சுளித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்கு இது ஆவாதுன்னு தெரியாதாம்மா? யாரு திங்கதுக்கு இது?"

"நீ திங்காண்டாம்," என்றாள் அம்மா. "சனிக்கெழம வெளிய போவும்போது கையோட எடுத்துட்டுப் போ. காலியானதும் பாட்டில் வீட்டுக்கு வந்துரணும், சொல்லிட்டேன்."

என் சிநேகிதிகளுக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு காலி பாட்டிலுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று எரிச்சலாகவும் இருந்தது. அந்த வாரம் முழுக்க அதை டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைத்தேன், என் துணியெல்லாம் மாசி நாறியது. சனிக்கிழமை வந்ததும் பாட்டிலைக் கொண்டுபோய் அப்பாவிடம் தந்தேன். தொல்லை விட்டது என்றிருந்தது.

அப்பா மூடியைத் திறந்து முகர்ந்தார். உடனே மூடிவிட்டார். சாப்பிடவில்லை.

"அம்மா என்ன சொல்லிக் குடுத்தா?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அம்மா சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா பாட்டிலை மடியில் வைத்து மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. அட்லாஸை விரித்து, ஏடனிலிருந்து புறப்பட வேண்டிய நாள் வந்துவிட்டது என்று சொல்லி, பென்சிலைச் சீவினேன். அவர் அட்லாஸ் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என் தலையில் ஒரு தரம் கைவைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறினார். லாட்ஜில் கிடந்த பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

"பாட்டில் இன்னும் காலியாவலியே?" என்று ஜன்னல் அருகே ஓடிப்போய்க் கேட்டேன்.

"வீட்டுல போயி காலியாக்கிக்கிடலாம், மக்கா."

அதற்குப்பின் அவர் கப்பலேறவில்லை. ஊரிலேயே படகு எஞ்சின்களைப் பழுது பார்த்தார், இன்றும் பார்க்கிறார். கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் அம்மாவிடம், உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஆப்பிரிக்காவுல எந்தக் கண்டக்டரு 'உடன்குடி, மணப்பாடு'ன்னு கூப்பாடு போடுதான்? மெசேஜும் நீ வெளிய போவுத சனிக்கெழமதான வந்துச்சு?" என்று சிரித்தாள். நீயே போய்க் கூட்டிவந்திருக்கலாமே என்றதற்குச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவிய தானா வரணும்லா," என்றாள்.

அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ் திரும்பி மறைந்த பிறகும் அந்த பெஞ்சில் அட்லாஸோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்தேகால் தாண்டிவிட்டது, மற்ற மூவரும் கோயில் படியில் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன. கொழும்பு பாக்கி, தூத்துக்குடி பாக்கி, கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குமேல் இருந்தது. கப்பல் ஏடனில் நிற்கும்போது அப்பா மட்டும் எப்படி வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் அன்று என் வருத்தமெல்லாம்.