பெலாச்சான் தடவிய கட்டு

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஐயாவின் மகள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு அத்தே." எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்த தேவசகாயம் ஐயாவை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் சயாமுக்குப் போன கதை தெரியாது. அவர் சொல்லவும் மாட்டார்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஆயா. மருந்து அலமாரி காலி. என் வீட்டுக்காரருக்குக் கெண்டைக்காலில் எலும்பு தெரிகிற புண். அழுகினால் கால் போகும். ஆறினால் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போவான்; போனவர்கள் திரும்புவது அபூர்வம். தோட்டத்தை விட்டு ஓடவும் வழியில்லை. நன்றாக மாட்டிக்கொண்டோம்.

மண்ணில் வாழும் ஒரு கிருமியிலிருந்து, சீழ் வைக்கும் கிருமிகளைக் கொல்லும் மருந்து எடுத்திருக்கிறார்கள் என்று, சண்டைக்கு முன் படித்ததை ஐயா ஒருநாள் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான்! என் மனுஷன் ரப்பர் மரத்தடி மண்ணை அள்ளிப் புண்ணில் அப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"அடப்பாவி! மண்ணுல அது மட்டுமா இருக்கு? ஜன்னிக் கிருமியும் இருக்குலா! தாடை இறுகிச் செத்துருவ!" என்று கத்தினார் ஐயா. கொதித்து ஆறிய உப்புத்தண்ணீரில் தினமும் அவரே கழுவினார். புண் ஆற ஆற, இனி பிடித்துக்கொண்டு போவானே என்று நான் அழுதேன்.

"அழாத தங்கச்சி" என்றவர், ஆறிய காலில் பழந்துணியைச் சுற்றி, மேலே பெலாச்சானை, அந்த நாறும் இறால் விழுதை, தடவினார். ஆள் பிடிக்க வந்த சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தான். பிறகு, ஓர் ஆள் குறைகிறது என்று ஐயாவையே லாரியில் ஏறச் சொன்னான். அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். வாயைத் திறந்தால் என் புருஷன், திறக்காவிட்டால் அவர். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சண்டை முடிந்து திரும்பினார். சயாமில் வந்த புண்ணுக்கு ஒரு கால் போயிருந்தது.

பல வருஷம் கழித்து அந்த மண்கிருமி மருந்து களிம்பாக வந்தபோது, எனக்கு விளக்கினார். அது புரதத் துணுக்கு மாதிரியாம். சீழ்க்கிருமியின் மேல்தோலில் நுழைந்து ஓட்டை போடுமாம். உள்ளே இருக்கிற உப்பெல்லாம் ஒழுகிக் கிருமி செத்துவிடுமாம். "ஊசியில ஏத்தக்கூடாது தங்கச்சி. நம்ம ரத்த அணுவையும் ஒடைச்சிரும். மேல் புண்ணுக்குத்தான்."

அன்றுதான் கேட்டேன்: "ஏன் ஐயா அன்னிக்கு அவுத்துக் காட்டல?"

"நான் ஆத்துன காலு. அவனுக்குக் குடுக்கவா ஆத்துனேன்?"

நேற்று அவருடைய பெட்டியைக் கல்லறைவரை தூக்கிப்போனவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். எண்பதை நெருங்கும் வயது, யார் சொல்லியும் தோள் மாற்றவில்லை. ஐயா எனக்கு விட்டுப்போனது அந்த இரண்டு கால்கள்.