வெளியூர் இரவுகளுக்கு வரிக் கழிவு

விமானம் ஓட்டுகிறவன் என்றால் புத்திசாலியாகத்தான் இருப்பான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக நானும் அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டேன். தோளில் நாலு கோடு, கறுப்புக் கண்ணாடி, உருட்டிக்கொண்டு போக ஒரு பெட்டி. இவ்வளவு இருந்தால் போதும், வாயைத் திறக்காத வரைக்கும் யாருக்கும் சந்தேகம் வராது. எனக்கு வந்த முதல் சந்தேகக் கடிதம் வருமான வரி அலுவலகத்திலிருந்து வந்தது. என் மனைவிக்கு அதற்கு வெகு முன்பே சந்தேகம் வந்திருக்கும். அவள் கடிதம் போடவில்லை, அவ்வளவுதான்.

அவள் பிசியோதெரபிஸ்ட். பத்தொன்பது வருடமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பிறருடைய முழங்காலையும் தோளையும் மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறாள். சொந்தமாக ஒரு சின்ன கிளினிக் வைக்க வேண்டும் என்று ஆசை. போன வருடக் கடைசியில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் அவளுக்குத் தோதாக ஓர் அறை அமைந்தது. தரைத்தளம், முழங்கால் வலிக்காரர்கள் படி ஏற வேண்டாம், வாசலிலேயே கார் நிறுத்தலாம். கட்டி முடித்ததும் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் கட்டடக்காரர். எங்களிடம் பாதிதான் இருந்தது. மீதி மகளின் கல்லூரிக் கட்டணமாகப் போய்விட்டிருந்தது.

"கவலைய விடு. என் வரிப்பணம் திரும்பி வரும்ல, அதுல கட்டிடலாம்," என்றேன்.

எங்கள் தொழிலில் வேலைக்காகச் செய்த செலவைச் சம்பளத்திலிருந்து கழித்துக் கணக்குக் காட்டலாம். காட்டினால், ஏற்கனவே பிடித்த வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். சீருடைச் சலவை, உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனை, ஹெட்செட் என்று சில்லறையாகப் பல உண்டு. பெரிய தொகை ஒன்றே ஒன்றுதான்: வேலை நிமித்தம் வெளியூரில் தங்கிய இரவுகளின் சாப்பாட்டுச் செலவு.

"ஆடிட்டர்கிட்ட குடுத்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"இருநூறு பேரத் தூக்கிட்டுக் கடலத் தாண்டுறவன், ஒரு ஃபாரத்த நிரப்ப மாட்டேனா?" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். விடுமுறை கிடைத்த நாளெல்லாம் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரசீதுகளைப் பரப்பி உட்கார்ந்தேன். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து வைத்தார்கள். குடும்பத்துக்காக உழைக்கிறேன் என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். ஃபாரத்தை அனுப்பி ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. நேரில் வந்து விளக்கவும், அதுவரை பணம் நிறுத்திவைக்கப்படும். அதே வாரம் கட்டடக்காரரும் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்: அறை தயார், மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்.

வரி அலுவலகம் நாலாவது மாடியில். லிஃப்ட் பழுது. மேலே போவதற்கு எனக்கு இவ்வளவு மூச்சு வாங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிகாரி ஓர் இளம்பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். கையில் பென்சிலோடு என் ஃபாரத்தைப் புரட்டினார்.

"முடி வெட்டினதெல்லாம் எதுக்கு சார் இதுல?"

"யூனிஃபார்முக்கு ஏத்த மாதிரி இருக்கணும் மேடம். கம்பெனி ரூல்."

"எங்களுக்கும் நீட்டா வரணும்னு ரூல் இருக்கு. நான் கழிச்சுக்கலையே." ஒரு கோடு இழுத்தார். "இது என்ன, முடிக்குச் சாயம்?"

"நரைச்ச தலையோட ஓட்டினா பாசஞ்சருங்க பயப்படுவாங்க..."

"கதவு மூடித்தானே சார் இருக்கும்?"

இன்னொரு கோடு. கைக்கடிகாரம் போனது. சத்து மாத்திரை போனது. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போன பெட்ரோல் போனது. ஹெட்செட்டும் சலவையும் தப்பித்தன. கறுப்புக் கண்ணாடி மூன்றில் ஒன்று தப்பித்தது. இதெல்லாம் போகட்டும், சில்லறைதானே என்று நான் அசடு வழிந்துகொண்டிருந்தபோது ஃபாரத்தோடு நான் இணைத்திருந்த செலவு டைரியை அவர் எடுத்தார்.

"பத்தாம் தேதி காலைல அஞ்சு மணிக்கு வெளியூர்ல சாப்பிட்டதா பில் இருக்கு. டைரில அந்தச் சாப்பாடு ஒன்பதாம் தேதி ராத்திரி பதினொன்னரை மணின்னு இருக்கே?"

விமானிகள் பறக்கும் குறிப்பேட்டில் உள்ளூர் நேரம் எழுதுவதில்லை. உலகம் முழுக்கப் பொதுவாக ஒரே நேரம் உண்டு, அதைத்தான் எழுதுவோம். எங்கள் ஊர் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பழக்க தோஷத்தில் காலையில் தின்ற முட்டையைக்கூட உலக நேரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். இதை விளக்கியதும் அவர் முகம் தெளிந்தது.

"அப்ப எல்லாத்துலயும் அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கிட்டா சரியாயிடுமா?"

"எல்லாத்துலயும் இல்ல மேடம். சில நாள் நம்ம நேரத்துலயும் எழுதியிருக்கேன்."

"எந்தெந்த நாள்?"

ரசீதுகளை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், அவற்றை நான் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவைத்திருந்தேன். வெயில் குடித்து முக்கால்வாசி வெள்ளைக் காகிதமாகிவிட்டன. எந்த இரவு எங்கே படுத்தேன் என்பது எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

"மாசக் கடைசிக்குள்ள வேற ஆதாரம் கொண்டாங்க சார். இல்லாட்டி வெளியூர் ராத்திரி மொத்தத்தையும் தள்ளுறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

அது தள்ளுபடியானால் மனைவியின் அறையும் போயிற்று. கம்பெனியில் பழைய பணிப்பட்டியலைக் கேட்டேன். கணினியை மாற்றிவிட்டார்கள், தேடி எடுக்க எட்டு வாரமாகும் என்றார்கள். வானத்தை வில்லாக வளைப்பதாக வீட்டில் அளந்தவன், கடைசியில் சமையலறை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த போன வருடக் காலண்டரைக் கழற்றினாள்.

"இது உதவுமா பாருங்க. நீங்க இல்லாத நாளுக்கெல்லாம் வட்டம் போட்டிருக்கேன்."

மருந்துக்கடையில் கொடுத்த காலண்டர். வருடம் முழுக்க அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன். அந்தச் சிவப்பு வட்டங்களைக் குப்பை வண்டி வரும் நாள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் இருவரும் நாலு மாடி ஏறினோம். அதிகாரி, தேறிய ரசீதுகளை ஒவ்வொன்றாகக் காலண்டரோடு ஒப்பிட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை. கட்டங்களுக்குள் மனைவி பொடி எழுத்தில் குறிப்பும் எழுதியிருந்தாள். தேதியை உறுதிசெய்துகொள்ள அதிகாரி அவற்றைத் தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டே போனார்.

"ஜுரம், நூத்திரண்டு... மோட்டார் ரிப்பேர்... பாப்பா பரிசு வாங்கினா... மாமாவுக்கு ஈசிஜி..."

மாமா என்றால் என் அப்பா. அவருக்கு ஈசிஜி எடுத்தது எனக்கு இந்த மேசையில்தான் தெரிந்தது. நூற்று நாற்பத்தாறு இரவுகள். கழிவு கிடைக்கக் கிடைக்க எனக்குத் தலை குனிந்துகொண்டே போயிற்று.

"வெளியூர் ராத்திரிய ஏத்துக்கிறேன்," என்றார் அதிகாரி. "ஒரு பதினோரு நாள் மட்டும் இடிக்குது. டைரில லீவுன்னு தெளிவா இருக்கு. ஆனா காலண்டர்ல வட்டம் போட்டிருக்கு. எது சரி?"

கூடுதலாகப் பதினோரு இரவு கிடைக்குமோ என்று எனக்கு ஒரு நொடி சபலம் தட்டியதையும் ஒப்புக்கொள்கிறேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"ரெண்டும் சரிதாங்க. அன்னிக்கெல்லாம் வீட்லதான் இருந்தாரு. வட்டம்னா, அன்னிக்கு எல்லாத்தையும் நானே பாத்துக்கணும்னு அர்த்தம். என் டியூட்டிய மாத்திக்கிறதுக்காகப் போடுறது."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுக்குச் சட்டத்துல கழிவு கிடையாது மேடம்."

"தெரியுங்க," என்றாள்.

மூன்று நாளில் பணம் வங்கிக்கு வந்துவிடும் என்றார் அதிகாரி. மனைவி அங்கேயே கட்டடக்காரருக்கு ஃபோன் போட்டாள். இன்றைக்கே வந்து கையெழுத்துப் போடுங்கள், பாதியைக் கொடுங்கள், மீதியை வாரக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர். காரில் ஏறி உட்கார்ந்தும் எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை.

"அந்தப் பதினோரு நாளும் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"பின்ரூம்ல ரசீது அடுக்கிட்டிருந்தீங்க."

"கிளினிக்குக்காகத்தானே அடுக்கினேன்..."

"ஆமா. அதுல ஒரு நாள் உள்ள வந்து உங்ககிட்ட கேட்டேன். இந்த வயசுல தனியா ஆரம்பிச்சா ஆள் வருமா, இல்ல பேசாம இருக்கிற வேலையிலயே இருந்துடவான்னு. பயமா இருந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"'ஸ்டேப்ளர் எங்க'ன்னீங்க."

வெட்கமாக இருந்தது. அதிகாரி முன்னால் பட்டதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. அவள் பயந்துகொண்டு நின்றிருக்கிறாள், நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஆள் வரும். கட்டாயம் வரும்," என்றேன்.

"அது அப்பவே நானா முடிவு பண்ணிட்டேன். வண்டிய எடுங்க, நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

எடுத்தேன். கடைத்தெருவைத் தாண்டிப் பெரிய சாலைச் சந்திப்பு வரைக்கும் வேகமாகவே ஓட்டினேன். அங்கே பச்சை விளக்கு எரிந்தும் வண்டியை நிறுத்திவிட்டேன். அந்த அறையின் சதுர அடி எனக்குத் தெரியும். வாடகை தெரியும், முன்பணம் காசு சுத்தமாகத் தெரியும். ஐந்து மாதமாக அதற்காகக் கணக்குப் போட்டிருக்கிறேன். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்த ஆரம்பித்தார்கள்.

"எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பி ஒரு கணம் பார்த்தாள்.

"லெஃப்ட்," என்றாள்.