புரோகிரஸிவ் என்று எழுதியிருந்தது

என் அண்ணன் கம்பத்துக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கரில் திராட்சை போட்டிருந்தார். பந்தலுக்குக் கீழே நின்று, தலைக்கு மேலே கைகளைத் தூக்கியபடி நாள் முழுக்கக் கொடியை நறுக்கிக் கவாத்து செய்கிற வேலை. ஒருநாள் கத்தரி கையிலிருந்து நழுவியது. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார். மறுமாதம் சோற்றுத் தட்டும் நழுவிய பிறகுதான் அண்ணி அவரை மதுரைக்கு, நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான், அதனால் எந்தக் காகிதமும் என்னிடம்தான் வரும். அன்று டாக்டர், "ஒரு மாசத்துல வீட்டுல யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க, விவரமாப் பேசணும்" என்று மட்டும் சொல்லி ரிப்போர்ட்டைக் கொடுத்திருந்தார். சாயங்காலம் அதை வாங்கிப் பார்த்தேன்.

அண்ணி பயந்துபோயிருந்தார். "ரத்த டெஸ்ட்டு பூராம் நெகட்டிவ்னு சொன்னாகளே?"

"ஆஸ்பத்திரியில நெகட்டிவ்னா நல்லது அண்ணி. அந்தக் கோளாறு இல்லைன்னு அர்த்தம்."

அதைச் சரியாகத்தான் சொன்னேன். அந்தத் தெம்பில் அடுத்த வரிக்குப் போனேன். வாயில் நுழையாத ஒரு நோயின் பெயர். அதன் கடைசியில் 'புரோகிரஸிவ்'. அந்த வாரம்தான் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் புரோகிரஸ் கார்டு எழுதி முடித்திருந்தேன். எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் தோன்றவே இல்லை.

"அண்ணே, புரோகிரஸிவ்னு போட்டிருக்காக. முன்னேற்றம் இருக்குன்னு அர்த்தம்."

"நெசமாவா?"

"எழுதியே இருக்குண்ணே."

நோயின் பெயரைப் போனில் தேடியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. தேடவில்லை.

அதற்கு முன்னால் அண்ணன், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வீட்டில் பேத்தியோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்றிருந்தார். என் பேச்சைக் கேட்டு அதைத் தள்ளிப்போட்டார். "இந்த ஒரு வெள்ளாமைய எடுத்துட்டுப் போவோம்" என்றார். ஒரு மாதத்தில் போகவேண்டிய டாக்டரிடமும் போகவில்லை. கை தூக்க முடியாமல் அவர் பந்தல் கல்தூணில் சாய்ந்து நின்ற ஒருநாள், "பழக்கத்த விட்டுறாதீகண்ணே, வேலை செய்யச் செய்யத்தான் சரியாகும்" என்று நானே சொன்னேன். அவர் மறுபடியும் கத்தரியை எடுத்தார்.

திராட்சைக் குலைகளை வெட்டி முடிந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அண்ணனுக்கு நாக்குக் குழற ஆரம்பித்திருந்தது. இந்த முறை நானும் கூடப் போனேன்.

"ஏம்மா இவ்வளவு நாள் வரலை?" என்றார் டாக்டர்.

"புரோகிரஸிவ்னு இருந்துச்சு டாக்டர். அதான், தேறிக்கிட்டு வருதுன்னு..."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "நோய் கூடிக்கிட்டே போகும்னு அர்த்தம்மா அது" என்றார் மெதுவாக. "இதைக் குணமாக்குற மருந்து அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. ஆனா அன்னைக்கே வந்திருந்தா, பேச்சு நல்லா இருக்கும்போதே பேச வேண்டியவங்களோட பேசிடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகையில் என் கைமேல் கை வைத்து ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொல்லவைத்தேன்.

"விடு ஆத்தா. அந்த அஞ்சு மாசமும் நா நல்லாத் தூங்குனேன்."

மறுவாரமே கோயம்புத்தூர் போனார்கள். நாலு வயதுப் பேத்தி அவர் பேசுவதை உற்றுக் கேட்டுவிட்டு, தாத்தா என்ன சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் அம்மாவிடம் கேட்பாளாம். கொஞ்ச நாளில் அவரே பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

அண்ணி இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, மடியில் ஒரு பேங்க் கடிதத்தைப் பிரித்து வைத்திருந்தார். "என்ன அண்ணி அது, குடுங்க பாப்போம்" என்று கை நீட்டினேன்.

"ஒண்ணுமில்லத்தா. மெடிக்கல் கடைக்காரத் தம்பி வாசிச்சுச் சொல்லிருச்சு" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டு, எனக்குக் காப்பி போட எழுந்து போனார்.