தெருவைக் கழுவாத நாள்

வெளிநாட்டுக்காரர்கள் என்றாலே துரைக்கண்ணுவுக்கு எரிச்சல். பல வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த எரிச்சல். ஆரணியில் அவர் இருக்கும் சாயப்பட்டறைத் தெருவுக்கு, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு பொது நிலையம் கட்ட வெளிநாட்டிலிருந்து மானியம் வருவதாக இருந்தது. கோட்டு போட்டவர்கள் வந்தார்கள், இளநீர் குடித்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். மானியம் மட்டும் வரவில்லை.

"குடிச்ச எளநிக்காவது ஒரு பதில் போட்டிருக்கலாம்ல?" என்று டீக்கடையில் அகப்பட்டவனை எல்லாம் பிடித்துக்கொள்வார்.

இப்போது அது வெறும் எரிச்சலாக இல்லை. சாயத் தண்ணீரை இப்படியே கால்வாயில் விட்டால் பட்டறைகளுக்குப் பூட்டுதான் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பட்டு நூலை அவித்துச் சாயம் ஏற்றுவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆளுக்கொரு சுத்திகரிப்பு வைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

"பூட்டிட்டா செய்யார் கம்பெனி வேலைக்குப் போற பஸ்ல ஏறிடு" என்றாள் மனைவி பாஞ்சாலை.

"இந்தத் தொப்பைக்கு எவன்டி யூனிபாரம் தைப்பான்?"

அந்த நேரத்தில்தான் ஸ்வர்ணலதா வந்து சேர்ந்தாள். பக்கத்துத் தெரு தறிக்காரரின் மகள். சென்னையில் ஏதோ வேலை என்று மட்டும் தெருவுக்குத் தெரியும். பேச்சில் சர்க்கரை போடத் தெரியாத பெண். பட்டறைக்குள் வந்தவள், ஈர நூல் சொட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கவர்மெண்டு உத்தியோகமாம்மா?"

"இல்லண்ணா. கவர்மெண்டுக்கு வெளிநாட்டுல இருந்து மானியம் வாங்கிக் குடுக்கிற வேல. வந்த பணம் சொன்ன வேலைக்குத்தான் போவுதான்னு பாத்துக்கறதும் நாங்கதான்."

"அடேங்கப்பா! கவர்மெண்டுக்கே நீ புரோக்கரா?"

"கமிஷன் இல்லாத புரோக்கரு. இந்தத் தெருவுக்குத் திரும்பக் கேக்கப் போறோம். போன தடவை அவங்க வந்தப்ப தெரு எப்பிடி இருந்திச்சி, சொல்லுங்க."

துரைக்கண்ணுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கல்யாண வீடு தோத்துடும். வாழ மரம் கட்டி, கோலம் போட்டு, கால்வாய சொரண்டிக் கழுவி உட்டோம். ஒரு வாரமா எவனும் சாய அடுப்பே பத்த வைக்கல. தண்ணி கண்ணாடி மாதிரி ஓடிச்சி. குத்தம் சொல்ல எடமே இல்ல."

ஸ்வர்ணலதா சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிக்கிற மாதிரி இன்னா சொல்லிட்டேன்?"

"அண்ணா, அழுக்குத் தண்ணிய பாக்க வந்தவங்களுக்குக் கண்ணாடி மாதிரி காட்டினா, இங்க எதுக்கு மானியம்னுதான எழுதுவாங்க?"

துரைக்கண்ணு ஈர நூலை எடுத்து இன்னொரு தடவை பிழிந்தார். உள்ளேயிருந்து பாஞ்சாலைதான் பேசினாள்: "அன்னைக்கி சொரண்டினதுல எனக்கு இடுப்பே போச்சி."

ஸ்வர்ணலதா போட்ட விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. முணுமுணுக்காமல் மறுபடி எழுதிப் போட்டாள். அதன் பேரில் மானியம் கொடுக்கிறவர்கள் தெருவைப் பார்வையிட வரும் நாள் வந்தது. தெருவை ஒருவரும் தொடக்கூடாது, அன்றைக்கு எல்லாப் பட்டறையிலும் சாயம் ஓட வேண்டும் என்பது அவள் கட்டளை.

விடிந்ததும் பக்கத்துப் பட்டறை மணவாளன் வாழை மரத்தோடு வந்து நின்றான்.

"எடுத்துகினு போடா. இன்னா, உனக்கு ரெண்டாம் கல்யாணமா?"

"மானம் போவுதுண்ணே. விருந்தாளி வர்றப்ப தெரு இப்பிடியா நாறிகினு கெடக்கும்?"

"மானம் போனா சம்பாரிச்சிக்கலாம். பட்டறைய பூட்டிட்டா இன்னாடா பண்ணுவ?"

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் உடம்பு கூசத்தான் செய்தது. வந்தவர்களில் ஒரு நரைத்த தலை அம்மாள் முன்னால் நடந்தாள். துரைக்கண்ணு கவிழ்த்த அரக்குச் சாயம் கால்வாய் நிரம்பி வழிந்து அவளுடைய வெள்ளை ஷூவை நனைத்தது. அவருக்கு உயிரே போய்விட்டது. கழுவிவிட வாளியோடு ஓடினார்.

"வாளிய கீழ வைங்கண்ணா" என்றாள் ஸ்வர்ணலதா, உதடு அசையாமல்.

அந்த அம்மாள் குனிந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். ஸ்வர்ணலதா பாஞ்சாலை பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பம்புத் தண்ணிய காட்டச் சொல்றாங்க."

பாஞ்சாலை கூனிக் குறுகி, தெரு அடிபம்பில் ஒரு டம்ளர் அடித்து நீட்டினாள். இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த அம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இளநீர் வேண்டாம் என்று கையசைத்தாள். சிரிக்காமல் போய்விட்டாள்.

"முடிஞ்சிது நம்ம கத" என்றார் துரைக்கண்ணு.

"சிரிக்காம போனாங்க இல்ல? அதான் நல்லது" என்றாள் ஸ்வர்ணலதா.

மானியம் வந்தது. நிலையம் வேலை முடிகிற வரைக்கும் பூட்டுவதை நிறுத்தி வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு வளைவு கட்டலாம் என்று மணவாளன் கேட்டுப் பார்த்தான். "தண்ணிய சுத்தம் பண்ண வந்த பணம் அதுக்குத்தான். வளைவு வேணும்னா உங்க சொந்தக் காசுல கட்டுங்க" என்றாள் ஸ்வர்ணலதா. வளைவு கட்டவில்லை.

நிலையம் ஓடத் தொடங்கிய அன்று, இந்தப் பக்கம் அரக்காகப் போன தண்ணீர் அந்தப் பக்கம் நிறமில்லாமல் விழுவதைத் துரைக்கண்ணு குழாய் ஓரமாகவே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தடியில் ஊறிய சாயம் தெளிய நாளாகும்; பம்புத் தண்ணீர் இன்னும் லேசாகச் சிவப்புதான். ஆனாலும் நோட்டீஸைக் கிழித்தாயிற்று. அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பட்டறையிலேயே குறட்டை விட்டுத் தூங்கினார். பாஞ்சாலை எழுப்பவில்லை.

கொஞ்ச நாளில் ஸ்வர்ணலதாவைத் தமிழ்நாட்டின் தென்கோடியில் வேறொரு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிடப் போன துரைக்கண்ணுவிடம், ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"அண்ணா, கடைசியா ஒரு உதவி. களம்பூர்ல அரிசி மில்லு அழுக்குத் தண்ணிக்கு மானியம் கேட்டிருக்கோம். வியாழக்கெழம பாக்க வராங்க. இப்பவே தொடப்பத்த எடுத்துட்டாங்களாம். நான் போன்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க ஜல்தியா ஒரு நட போயி, கழுவாதீங்கன்னு சொல்லிட்டு வாங்க."